ப்ளீச்சால் வீட்டுத் துணிகளில் கோலம்: குஷன் கவர் முதல் திரைச்சீலை வரை முழுமையான வழிகாட்டி

துணிக்குப் பெயின்ட் அடித்தால் அந்த இடம் விறைத்துக்கொள்ளும். குஷன் கவரில் கன்னம் வைத்தால் உறுத்தும், பல முறை துவைத்ததும் ஓரம் உரியத் தொடங்கும். ப்ளீச் வைத்து வரையும்போது துணியின் மேல் எதுவும் ஏறுவதில்லை, ஏற்கெனவே இருக்கும் சாயத்தைத்தான் எடுக்கிறோம். அதனால் வரைந்த இடமும் வரையாத இடமும் தொடுவதற்கு ஒரே மாதிரி மென்மையாக இருக்கும். திருப்பூரில் டி-ஷர்ட் அச்சடிப்பவர்கள் 'டிஸ்சார்ஜ் பிரிண்ட்' என்று சொல்வதும் இதே யோசனைதான். அங்கே பயன்படுத்தும் ரசாயனம் வேறு. வீட்டில் நமக்குச் சாதாரண திரவ ப்ளீச் போதும்.

இந்த வேலையில் வரைவது பாதிதான். எந்தத் துணியை எடுப்பது, ப்ளீச்சை எப்போது, எதை வைத்து நிறுத்துவது என்பவை மீதிப் பாதி. இணையத்தில் வரும் குட்டி வீடியோக்கள் பெரும்பாலும் அந்தப் பாதியை விட்டுவிடுகின்றன. அதனால் இங்கே அதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் பாதுகாப்பு

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நாம் பயன்படுத்தும் திரவ ப்ளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். இது அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பாதிக்கும். கழிப்பறை கழுவும் ஹார்ப்பிக் போன்றவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. எனவே ஹார்ப்பிக் ஊற்றி வைத்த கழிப்பறையில் ப்ளீச் தண்ணீரைக் கொட்டவே கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ப்ளீச்சின் பக்கத்தில் வரக்கூடாது.

வினிகரும் அமிலம்தான். ப்ளீச்சை நிறுத்த வினிகரில் துணியை முக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. அது தவறு, ஆபத்தும்கூட. துணியில் தங்கிய ப்ளீச்சை வினிகர் முறிக்காது, அதிலிருந்து குளோரினைக் கிளப்பிவிடும்.

மொட்டை மாடி, பால்கனி, முற்றம் என்று காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, போனால் போகட்டும் என்று நினைக்கும் பழைய உடை, இந்த மூன்றும் வேண்டும். துணி மாஸ்க் குளோரின் வாயுவைத் தடுக்காது, காற்றோட்டத்தைத்தான் நம்ப வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. சின்னக் குழந்தைகளையும் வீட்டு நாய், பூனையையும் அந்தப் பக்கம் வரவிடாதீர்கள். கண்ணில் தெறித்தால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எந்தத் துணி வேலைக்கு ஆகும்

100 சதவீதக் காட்டன்தான் முதல் தேர்வு. லினனும் நன்றாக வரும். ரேயானிலும் செய்யலாம், ஆனால் ஈரமான ரேயான் பலம் குறைந்தது, மெல்லக் கையாள வேண்டும். பட்டு, கம்பளி இரண்டிலும் தொடவே கூடாது. இவை புரத இழைகள், ப்ளீச் அவற்றைக் கரைத்துவிடும். இதே காரணத்தால் விலங்கு முடியில் செய்த ஓவியத் தூரிகையும் ப்ளீச்சில் கொழகொழத்துப் போகும். நைலான் தூரிகை வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலியஸ்டரில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. காட்டனும் பாலியஸ்டரும் கலந்த துணியில் காட்டன் நூல் மட்டும் வெளுத்து, பாலியஸ்டர் நூல் நிறத்தோடு நிற்கும். பார்க்க மங்கலாக, தூசி படிந்தது போல இருக்கும். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி எரித்துப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிவது போல வாசனை விட்டு, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும்.

துணி காட்டன் என்பதோடு விஷயம் முடிவதில்லை, அதில் ஏறியிருக்கும் சாயம் என்ன என்பதும் உண்டு. சல்ஃபர் கருப்புச் சாயம் ப்ளீச்சைக் கண்டதும் விட்டுக்கொடுக்கும். ஜீன்ஸில் இருக்கும் இண்டிகோவும் அப்படித்தான். காட்டனில் அதிகம் புழங்கும் ரியாக்டிவ் சாயங்களில் பல வெளுக்கும், சில முரண்டு பிடிக்கும். மயில்கழுத்து நீலமும் டர்க்காய்ஸும் அப்படி முரண்டு பிடிப்பதில் முன்னால் நிற்பவை. துண்டு, போர்வை போன்றவற்றில் வாட் சாயம் போட்டிருந்தால், எவ்வளவு ப்ளீச் ஊற்றினாலும் பெரும்பாலும் அசையாது. துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணிக்கு அந்தச் சாயத்தைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான். துணியின் மேல் பிக்மென்ட் அச்சாக ஏற்றிய படமும் அப்படியே நிற்கும்.

கடைக்காரருக்குச் சாயத்தின் பெயர் தெரிந்திருக்காது. நமக்கு இருக்கும் ஒரே வழி சோதனை. குஷன் கவரின் உள்மடிப்பு, திரைச்சீலையின் கீழ்மடிப்பு என்று கண்ணில் படாத இடத்தில் இயர்பட்ஸால் ஒரு துளி வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 1 நிமிடம், 3 நிமிடம், 5 நிமிடம் என்று மூன்று பொட்டு வைத்து, ஒவ்வொன்றும் என்ன நிறத்துக்குப் போனது என்று குறித்துக்கொண்டால் அதுவே உங்கள் நிற அட்டவணை. 5 நிமிடத்திலும் மாற்றமே இல்லை என்றால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். ப்ளீச்சைக் கூட்டிக் கூட்டி ஊற்றினால் சாயம் போவதற்கு முன் நூல் போய்விடும்.

இன்னொன்று, வெள்ளை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கருப்பு பெரும்பாலும் துரு நிறம், செம்பு நிறம், ஆரஞ்சு என்று போகும். கரும்பச்சை மஞ்சள் பக்கம் சாயலாம், கத்தரிப்பூ நிறம் இளஞ்சிவப்பாகலாம், கருநீலம் ஒரு துணியில் சாம்பலாகவும் இன்னொரு துணியில் மங்கிய ரோஜா நிறமாகவும் வரும். ஒரே கடையில் வாங்கிய இரண்டு கருப்புத் துணிகள்கூட வெவ்வேறு நிறம் காட்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். கருப்பில் வரும் அந்தச் செம்பு நிறத்தைப் பெயின்ட் டப்பாவிலிருந்து கொண்டுவர முடியாது.

கட்டம் போட்ட அடுப்படித் துணியும் எடுத்துப் பாருங்கள். வெள்ளை நூல் அப்படியே இருக்க, நிற நூல் மட்டும் மாறும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த துணியில் ஒன்று வெளுத்து மற்றொன்று நிற்பதும் உண்டு. அப்போது கிடைக்கும் மினுமினுப்பு தனி அழகு.

வாங்க வேண்டியவை

திரவ ப்ளீச்: ரின் ஆலா போன்றவை மளிகைக் கடையிலேயே கிடைக்கும். தயாரித்த தேதியைப் பார்த்துப் புதியதாக எடுங்கள். வெயிலிலும் சூட்டிலும் கிடந்த ப்ளீச் பாட்டிலுக்குள்ளேயே வலு இழந்துவிடும். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். அதில் கரையாத துகள்கள் துணியில் உட்கார்ந்து ஆங்காங்கே பொட்டு விழ வைக்கும், சுண்ணாம்புப் படிவும் தங்கும். வானிஷ் போன்ற ஆக்சிஜன் வகைக் கறைநீக்கிகளும் சரிப்படாது. அவை சாயத்தை விட்டுவிட்டுக் கறையை எடுப்பதற்காகச் செய்யப்பட்டவை.

நிறுத்தும் மருந்து: சோடியம் தயோசல்ஃபேட். மீன்தொட்டிக் கடைகளில் தண்ணீரின் குளோரினை முறிக்க விற்கும் வெள்ளைப் படிகம் இதுதான். 'ஹைப்போ' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் கரைத்தால் போதும். அது கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேளுங்கள். 6 சதவீதம் உள்ளது என்றால் 100 மில்லிக்கு 2 லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

அப்புறம் இரண்டு பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் ஸ்ப்ரே பாட்டில், கூர்மூக்குப் பாட்டில், நைலான் தூரிகை, தையல் சாக், பழைய துண்டு, பெரிய பாலிதீன் விரிப்பு. அலுமினியம், எவர்சில்வர் பாத்திரங்களை ப்ளீச் அரிக்கும், அவற்றைத் தள்ளி வையுங்கள்.

முதல் வேலை: கருப்புக் குஷன் கவரில் சிக்குக்கோலம்

16 அங்குலச் சதுரக் குஷன் கவரை எடுத்துக்கொள்கிறேன். புதுத் துணியில் கஞ்சியும் கடை மினுக்கும் இருக்கும். சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம், ப்ளீச் சீராக இறங்காது. தைக்காத துணியாக இருந்தால் வரைந்த பிறகு தைப்பது சுலபம். தைத்த கவர் என்றால் உள்ளே பாலிதீன் சுற்றிய அட்டையைச் செருகுங்கள், இல்லாவிட்டால் முன்பக்கக் கோலம் பின்பக்கத்திலும் இறங்கும்.

நடுவில் ஒன்றரை அங்குல இடைவெளியில் 7 புள்ளி 7 வரிசை, நேர்ப்புள்ளி. சாக்கால் லேசாகக் குறியுங்கள். வெளிச்சுற்று வளைவுகளையும் சேர்த்தால் கோலம் பத்தரை அங்குலம் வரும், நான்கு பக்கமும் இரண்டே முக்கால் அங்குலம் காலியாக நிற்கும். அந்தக் காலியிடம்தான் கோலத்தை எடுத்துக்காட்டும். ஓரம் வரை நிரப்பினால் குஷன் உப்பும்போது வரிகள் பக்கவாட்டில் மறைந்துவிடும்.

தண்ணியான ப்ளீச்சில் கோடு இழுத்தால் அது துணியில் பரவிக் கம்பளிப்பூச்சி போல ஆகும். கெட்டிப்படுத்த வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில், அதாவது 250 மில்லியில், மூன்று டேபிள்ஸ்பூன் சோளமாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போலத் தெளியும் வரை கிளறிக் காய்ச்சுங்கள். முழுசாக ஆறட்டும். சூட்டோடு ப்ளீச் சேர்த்தால் நெடி மூக்கைத் துளைக்கும், ப்ளீச்சின் வலுவும் போகும். ஆறிய பிறகு மாடிக்குக் கொண்டுபோய், பிளாஸ்டிக் கிண்ணத்தில் மாற்றி ஆறு டேபிள்ஸ்பூன் ப்ளீச் கலக்குங்கள். இந்தக் கூழ் நேரம் ஆக ஆக நீர்த்துக்கொண்டே போகும், ஏனென்றால் ப்ளீச் மாவையும் தின்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். மீந்ததை மூடி போட்டு எடுத்து வைக்காதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் உப்பும். காய்ச்சிய பாத்திரத்தில் ப்ளீச் படாமல் பார்த்துக்கொண்டால் அது திரும்பவும் சமையலுக்கு ஆகும்.

இனி வரைதல். கூர்மூக்குப் பாட்டிலில் கூழை நிரப்பி, முதலில் வேண்டாத துணியில் ஒரு கோடு இழுத்துக் கை பழகிக்கொள்ளுங்கள். கோடு 3 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் அழகு. அப்புறம் புள்ளிகளை வைத்து, சிக்கைச் சுற்றி வாருங்கள். வாசலில் மாக்கோலம் இழுக்கும் கை உங்களுக்கு இருந்தால் இந்த இடத்தில் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. பாட்டிலை மட்டும் துணியில் உரசாமல் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள், கூழ் தானாக விழட்டும்.

இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. கோலம் போட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். முதலில் போட்ட வளைவில் ப்ளீச் 15 நிமிடம் வேலை செய்திருக்கும், கடைசி வளைவில் அரை நிமிடம்தான். சிக்குக்கோலம் நான்கு பக்கமும் ஒத்துப்போக வேண்டிய வடிவம், ஒரு மூலை மட்டும் வெளிறியிருந்தால் பளிச்சென்று தெரியும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வரைந்த அதே வரிசையில் கூழை எடுப்பது. பழைய பிளாஸ்டிக் அட்டையால் முதல் வளைவின் கூழை மெல்லச் சுரண்டி எடுத்து, கோலம் வளர்ந்த வழியிலேயே தொடர வேண்டும். மற்றது, கூழில் ப்ளீச்சை மூன்று டேபிள்ஸ்பூனாகக் குறைப்பது. நிறம் மெதுவாக மாறும், கடைசிக் கோடு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருக்கலாம், அதனால் முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் வித்தியாசம் குறையும். நான் சிபாரிசு செய்வது இரண்டாவதைத்தான். சோதனைப் பொட்டையும் அதே கூழில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நிறம் மாறுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கூழின் விளிம்பில் முதலில் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு தெரியும், பிறகு உள்ளே சாக்லேட் நிறம், அதன்பின் துரு, அதன்பின் செம்பு. ஈரத்தில் எல்லா நிறமும் ஒரு படி அடர்த்தியாகத்தான் தெரியும், காய்ந்தால் வெளிறும். ஆகவே நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்துங்கள். கூழ் தானே காயும்வரை விட வேண்டாம்.

நிறுத்துவது

துணியை மடிக்காமல் இரண்டு கையால் விரித்துப் பிடித்து, குழாயின் வேகமான நீரைக் கோலத்தின் மேல் விடுங்கள். மடித்தால் கூழ் வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயும் வெளுக்கும். கூழ் முழுதும் வழிந்ததும், முன்பே கரைத்து வைத்த ஹைப்போ தண்ணீரில் துணியை அமுக்கி 15 நிமிடம் ஊறவிடுங்கள். பெராக்சைடு என்றால் முதலில் நன்றாக அலசிய பிறகுதான் அதில் போட வேண்டும். பொடிப்பொடியாகக் குமிழி வரும், அது ப்ளீச் முறிவதன் அடையாளம்.

வெறும் தண்ணீரில் அலசினால் போதாதா என்று கேட்கலாம். வாசனை போனது போலத் தோன்றினாலும் நூலுக்குள் ப்ளீச் மிஞ்சியிருக்கும். அது காட்டன் இழையை மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். சில வாரம் கழித்துக் கோலத்தின் கோட்டிலேயே துணி இற்றுக் கிழிவதற்குக் காரணம் இதுதான். முறித்த பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். வாளித் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றாமல், நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் விடுங்கள்.

இரண்டாவது: இலை நிழல் விழுந்த டேபிள் ரன்னர்

வரையத் தெரியாது என்று தயங்குபவர்களுக்கு இது. பப்பாளி இலை, முருங்கை இணுக்கு, கறிவேப்பிலை, பெரணி என்று விளிம்பு அழகான இலைகளை முதல் நாளே கனமான புத்தகத்துக்குள் வைத்துத் தட்டையாக்குங்கள். பாலிதீன் விரிப்பு, அதன் மேல் பழைய துண்டு, அதன் மேல் ரன்னர். துண்டு அதிகப்படி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இலைகளை அடுக்கி, எழும்பும் நுனிகளின் மேல் சின்னக் கூழாங்கல் வையுங்கள்.

ப்ளீச்சும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, ஒன்றரை அடி உயரத்தில் நேர்மேலே பிடித்து அடியுங்கள். சாய்த்து அடித்தால் இலைக்கு அடியில் புகுந்து விளிம்பு கலங்கும். ஒரேயடியாக நனைப்பதைவிட, பனி போல லேசாக ஒரு முறை, இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை என்பது நல்லது. காற்றடிக்கும் நாளில் இந்த வேலை வேண்டாம். நிறம் வந்ததும் இலை மேல் தேங்கிய துளிகளை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, இலையைச் செங்குத்தாகத் தூக்குங்கள். இலை இருந்த இடம் அடர்நிறத்தில் நிழலாக நிற்கும். அப்புறம் மேலே சொன்னபடி அலசல், ஹைப்போ, சோப்பு.

அச்சு குத்துவதும் இதற்குப் பக்கத்து வேலைதான். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, ப்ளீச் நனைத்த ஸ்பாஞ்சில் ஒற்றித் துணியில் வைத்தால் அழகான பூ விழும். காய் சீக்கிரம் துவண்டுபோகும், நிறைய வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: சுங்குடிப் புள்ளி போட்ட திரைச்சீலை

மதுரைச் சுங்குடியில் துணியைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி வெளிறி நிற்கும். நாம் அதைத் திருப்பிப் போடுகிறோம். அடர்நிறத் துணியைக் கட்டி ப்ளீச்சில் முக்கினால், புள்ளி அடர்நிறத்தில் நிற்கும், சுற்றிலும் வெளிறும். மதுரைக் கைகளின் நுணுக்கம் நமக்கு வராது, அதனால் பெரிய புள்ளிகளாகப் போடுவோம். துணிக்குள் ஒரு கொண்டைக்கடலையை வைத்து, அதன் கழுத்தில் கெட்டியான காட்டன் நூலால் பத்துச் சுற்று இறுக்கிக் கட்டுங்கள். முழுத் திரைச்சீலைக்கும் போட வேண்டியதில்லை, கீழ்ப்பகுதி ஒன்றரை அடி போதும்.

கட்டிய துணியை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள். ஏற்கெனவே ஈரமான முடிச்சுக்குள் ப்ளீச் அவ்வளவு சுலபமாக நுழையாது. பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்த வாளியில் முக்கிக் கையுறைக் கையால் புரட்டிக்கொண்டே இருங்கள். சும்மா ஊறவிட்டால் மடிப்பில் திட்டுத் திட்டாக விழும். மூன்று முதல் எட்டு நிமிடத்தில் நிறம் வந்துவிட வேண்டும். பத்து நிமிடத்தைத் தாண்ட விடாதீர்கள்.

அலசும்போது முடிச்சை அவிழ்க்காதீர்கள். கட்டோடு அலசி, கட்டோடு ஹைப்போவில் போட்டு, அந்தத் தண்ணீருக்குள்ளேயே நூலை வெட்டி அவிழுங்கள். நூலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ப்ளீச் வெளியே வரும் அந்த நொடியிலேயே முறிந்துவிடும், புள்ளியின் விளிம்பு சுத்தமாக நிற்கும். திரைச்சீலை தைத்த நூல் பாலியஸ்டர் என்றால் தையல் கோடு மட்டும் பழைய நிறத்தில் தெரியும். அதைப் பிரித்து மாற்ற வேண்டாம், வெளிறிய துணியில் அந்த அடர்நிறக் கோடு ஓரம் கட்டியது போல நன்றாகவே இருக்கும்.

வந்த நிறம் பிடிக்கவில்லை என்றால்

வெளிறிய இடத்துக்கு மறுபடி நிறம் கொடுக்கலாம். ப்ளீச்சை முழுவதும் முறித்துத் துவைத்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். மிச்சமிருக்கும் ப்ளீச் புதுச் சாயத்தையும் தின்றுவிடும். காட்டனுக்கான ரியாக்டிவ் சாயத்தைத் தூரிகையால் கோலத்தின் உள்ளே நிரப்பினால், செம்பு நிறத்தின் மேல் சிவப்பு ஏறி அடர் குங்குமமாகும், நீலம் ஏறினால் மண்பழுப்பாகும். அடியில் இருக்கும் செம்பு நிறமும் சேர்ந்துதான் கணக்கு, எனவே இதற்கும் உள்மடிப்பில் ஒரு சோதனை வையுங்கள். சுற்றியிருக்கும் கருப்பில் சாயம் பட்டாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கை நடுங்கினாலும் கவலை இல்லை. முதல் இரண்டு துவைப்பைத் தனியாகச் செய்துவிட்டு, அதன்பின் மற்ற அடர்நிறத் துணிகளோடு சேர்த்தே துவைக்கலாம்.